ஏரியில் விழுந்த மேகசின்கள்

துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடான மேகசின் பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடித்தால், அதை வைத்திருப்பதே குற்றம் என்று நியூஜெர்சியில் சட்டம் வந்தபோது, எங்கள் துப்பாக்கி கிளப்பில் ஆளாளுக்குக் குதித்தார்கள். எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் என்னுடையதையெல்லாம் கடையில் கொடுத்து, பத்துக்கு மேல் ஏறாதபடி ரிவெட் அடித்துப் பசை ஊற்றி வாங்கிவந்தேன். வளர்ப்புக் குழந்தை கேட்டு விண்ணப்பித்திருந்தேனே, வம்பு எதற்கு? எனக்குத் தருவதாக இருந்த டெஸ்ஸாவுக்கு நான்கு வயது. இரண்டு முறை வந்து பார்த்ததிலேயே என் நாய்க்கு ‘பான்கேக்’ என்று பெயரை மாற்றிவிட்டாள்.

என் தம்பி டுவைட் பசையும் ஊற்றவில்லை, ஒப்படைக்கவும் இல்லை.

“படகு கவுந்துச்சுக்கா. எல்லாம் ஏரிக்குள்ள போயிடுச்சு,” என்று கண்ணடித்தான். ஒளித்து வைத்ததைக் கேட்டால் துப்பாக்கிக்காரர்கள் நாடு முழுக்கச் சொல்லும் பழைய ஜோக். கிளப்பில் அவன் சொல்லும்போதெல்லாம் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், புத்திகெட்டவள்.

குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஹால்பெர்ன் என்ற அம்மா வீட்டைப் பார்வையிட வந்தார். துப்பாக்கிகளைப் பூட்டி வைத்திருந்த அலமாரியைப் பார்த்து, “நல்லா வச்சிருக்கீங்க,” என்றார். பிறகு கராஜுக்குப் போனோம். கோடையில் டுவைட் கொண்டுவந்து போட்ட தூண்டில் பெட்டி அங்கே கிடந்தது.

“கொக்கியெல்லாம் குழந்தை கைக்கு எட்டக் கூடாதும்மா,” என்றபடி திறந்தார். மேல்தட்டில் மீனை ஏமாற்றும் ரப்பர் மீன்கள். அடியில் பதினைந்து தோட்டா மேகசின்கள், வரிசையாக.

அவர் முன்னாலேயே டுவைட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“டேய், கராஜ்ல இருக்கிற மேகசின் உன்னோடதுன்னு சொல்லுடா.”

“என்னோடதா? என்னோடதுதான் ஏரியில போச்சே. கிளப்ல யாரை வேணா கேளு.”

“விளையாடாதடா. டெஸ்ஸாவைத் தரமாட்டாங்க.”

“உன் வீட்ல இருந்தா நான் என்னக்கா பண்றது?” ஏரிக் கதையை முதல்முறையாக அவன் சிரிக்காமல் சொல்லியிருந்தான்.

போலீஸ் பெட்டியோடு எல்லாவற்றையும் எடுத்துப்போனது. வழக்கு என் பேரில். டெஸ்ஸாவை வேறு ஊரில் யார் வீட்டிலோ விட்டுவிட்டார்கள். நாய் இன்னும் அவள் வைத்த பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.

நவம்பரில் குடும்பங்கள் கூடி விருந்துண்ணும் நன்றி நாளன்று டுவைட் பூசணி பை என்ற இனிப்புப் பண்டத்தை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் மன்னித்தும் இருப்பேன், கூடப் பிறந்த பாவத்துக்கு.

“அக்கா,” என்றான் குரலைத் தாழ்த்தி. “அந்தத் தூண்டில் பெட்டியப் போலீஸ் திருப்பிக் குடுத்துட்டாங்களா? அதுல இருந்த ரப்பர் மீனெல்லாம் என்னோடது.”