அடக்கமான ஒயர்

அசிங்கமான பொருளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழில் கொடுத்த வியாதி அது. நான் பல் செட் செய்கிறவள். ஒருவர் வாய் திறந்து சிரிக்கும்போது எது அவர் பல், எது என் பல் என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கு எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

அதனால்தான் அண்ணனின் மஞ்சள் ஒயரை முதலில் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கதவு சரியாக மூடினால்தான் லிஃப்ட் நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழுது பார்க்கும்போது மட்டும், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக லிஃப்ட்டை ஏமாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்குமாம். அதற்காக மொட்டைமாடி அறையில் இருக்கும் மின்பெட்டிக்குள் இரண்டு முனைகளை ஓர் ஒயரால் இணைப்பார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். கம்பெனி கொடுத்த ஒயர் ஆள் உயர நீளம். கண்ணைக் குத்தும் மஞ்சள். நடுவில் ஒரு சிவப்புத் துணி வேறு கட்டியிருந்தது. மாட்டினால் தரை வரை தொங்கும், பெட்டியின் கதவே மூடாது.

"இது என்ன ஒயரா, துணி காயப்போடற கொடியா?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்தான்.

சும்மா இருக்கிற கையா என் கை? அவனுக்கு நானே ஒன்று செய்துகொடுத்தேன். ஒரு சாண் நீளம். பெட்டிக்குள் இருக்கும் மற்ற ஒயர்களைப் போலவே சாம்பல் நிறம். முனைகளில் பித்தளைக் கவ்விகள், அவற்றுக்குப் பல்லுக்கு மெருகு போடும் சக்கரத்திலேயே மெருகு போட்டேன். "மாட்டின இடமே தெரியாது பாரு" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் சிநேகிதரான கணக்கு வாத்தியார், "கண்காட்சியில வைக்கலாம்மா" என்றார். கம்பெனிக்காரன் எதற்கு அவ்வளவு அசிங்கமாக ஒன்றைச் செய்தான் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் அப்படித்தான். ஒன்றைக் கையில் எடுத்தால் இதை எப்படிச் சின்னதாக்கலாம், எப்படி அழகாக்கலாம் என்றுதான் மூளை ஓடும்.

வாத்தியார் அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் வீட்டு கார் ஷெட்தான் எங்கள் பட்டறை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மூவரும் அங்கே கூடிவிடுவோம். கார் தெருவில் நிற்கும். "கார் வெளிய நனையுது, கண்ணாடி உள்ள சொகுசா இருக்கு" என்று அவர் மனைவி ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் கண்ணாடி, வாத்தியார் தொலைநோக்கி செய்வதற்காகத் தேய்த்துக்கொண்டிருக்கும் வட்டக் கண்ணாடி. தேய்க்கத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் நிலாவைப் பார்ப்பதற்குள் நிலாவுக்கே நடந்து போய்விடலாம் என்று நான் சொல்வேன்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் ஆற அமரத் தொடங்கியது. வாத்தியார் கண்ணாடி தேய்த்தார். நான் தீப்பெட்டி அளவில் ஓர் அலமாரி செய்து அதற்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன், ஷெட்டின் பரணுக்குச் சாமான் ஏற்றுவதற்காக ஒரு குட்டி லிஃப்ட் கட்டிக்கொண்டிருந்தான். வாரம் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு, லீவு நாளிலும் லிஃப்ட் கட்டுகிற ஆள் அவன்.

"பசங்க கேக்குறானுங்க," என்றார் வாத்தியார். "இந்தக் கணக்கெல்லாம் வாழ்க்கையில எங்க சார் உதவும்னு. இந்தக் கண்ணாடிய எடுத்துட்டுப் போய்க் காட்டணும்டா ஒரு நாள்."

"வேணாம் சார்," என்றேன். "ஒரு வருஷமா தேய்க்கிறாருன்னு தெரிஞ்சா இருக்கிற நாலு பேரும் ஓடிடுவாங்க."

"நீ பேசுவ. போன வாரம் சால்டரிங் கத்துக்கறேன்னு விரலைச் சுட்டுக்கிட்டது யாரு?"

"சுட்டாத்தானே சார் கத்துக்க முடியும்?"

அண்ணன் கயிற்றை இழுத்துப் பார்த்தபடி சிரித்தான். "எங்க வேலையில ஜனங்க கடைசிவரைக்கும் ஒண்ணு கத்துக்கவே இல்ல. பட்டனை ஒரு தடவ அமுக்கினாலும் லிஃப்ட் அதே வேகத்துலதான் வரும், ஒம்பது தடவ அமுக்கினாலும் அதே வேகத்துலதான் வரும்."

"அப்புறம் எதுக்குடா அமுக்குறாங்க?"

"மனசு கேக்கணுமே."

வேலைப் பேச்சு வந்ததும் அண்ணனின் குரல் கொஞ்சம் இறங்கியது. போன மாதம் ஒரு கட்டடத்தில் மொட்டைமாடி அறையைப் பூட்டாமல் வந்துவிட்டான் என்று மெமோ கொடுத்திருந்தார்கள். இன்னொன்று வந்தால் லிஃப்ட் பக்கமே விட மாட்டார்கள், குடோனில் போட்டுவிடுவார்கள். "உக்காந்து போல்ட்டு நட்டு எண்ணிக்கிட்டிருக்கணும். அதுக்கு என்னைக் கட்டிப்போட்டுடலாம்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் முகத்தை எனக்குத் தெரியும்.

வாத்தியார் பேச்சை மாற்றினார். தொலைநோக்கியைத் திருப்புவதற்கு ஒரு சின்ன மோட்டார் வாங்கி வைத்திருந்தார். "இது ஓடுதான்னு பாக்கணும். டேய், உன் தங்கச்சி செஞ்ச அந்தக் குட்டி ஒயரைக் குடு."

அண்ணன் பையின் பக்கவாட்டு அறையில் கையை விட்டான். பிறகு முன் அறையில். பிறகு பையையே மேஜைமேல் கவிழ்த்தான். ஸ்குரூ டிரைவர்கள், டெஸ்டர், எண்ணெய்த் துணி, காலி டிபன் பாக்ஸ், கடைசியாக அந்த மஞ்சள் ஒயர். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கயாவது விழுந்திருக்கும்ணா," என்றேன்.

"விழல." ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "மத்தியானம் அந்த ஆறு மாடிக் கட்டடம். பழைய லிஃப்ட்டு, கையால இழுத்து மூடற கிரில் கதவு. கிரில் சுவிட்சுல கோளாறு. ஒயரை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். சுவிட்ச மாத்தினேன். கையெழுத்து வாங்கிக்கச் சொல்லி வாட்ச்மேன் கூப்பிட்டான். பெட்டிய மூடிட்டு இறங்கிட்டேன்."

"பெட்டி மூடிச்சா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் கேள்வி எனக்கே உறைத்தது.

"நல்லா மூடிச்சு," என்றான் அண்ணன்.

மஞ்சள் ஒயர் மேஜையிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஏன் அவ்வளவு நீளம், ஏன் அந்த நிறம், எதற்கு அந்தச் சிவப்புத் துணி என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதை மாட்டிவிட்டு எவனாலும் மறந்துபோக முடியாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இப்போது கிரில் திறந்தபடியே ஓடும். யாராவது சாய்ந்து நின்றால், ஒரு குழந்தை காலை வெளியே வைத்தால், அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

வாத்தியார் எழுந்து கார் சாவியை எடுத்தார். "வாடா, நேரா போய்க் கழட்டிட்டு வந்துடலாம். ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல."

"ஆமாண்ணா," என்றேன். "ஆபீசுக்கு எதுக்குச் சொல்லணும்? கழட்டிட்டா ஆச்சு."

"நாம போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை பேரு ஏறுவாங்க?" என்றான் அண்ணன்.

"வாட்ச்மேனுக்குப் போன் போடு," என்றார் வாத்தியார்.

"நம்பர் ஆபீஸ்லதான் இருக்கு. ஆபீஸ் சொன்னாத்தான் அவன் மெயினை ஆஃப் பண்ணவும் செய்வான்." அதற்குள் அவன் சூப்பர்வைசரைப் போனில் பிடித்திருந்தான். "சார், நான்தான். மத்தியானம் பார்த்த ஆறு மாடிக் கட்டடத்துல என் ஒயரைக் கழட்டாம வந்துட்டேன். உடனே மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. இப்பவே சார். இல்ல, கம்பெனி ஒயர் இல்ல. என்னோடது. யாருக்கும் ஒண்ணும் ஆகல சார், நான் கிளம்பிட்டேன்."

வாத்தியார் காரை விரட்டினார். என் பெயரை அவன் சொல்லவில்லை என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "மத்தியானம்தானே ரிப்பேர் பண்ணீங்க? இதுதான் லட்சணமா?" என்று ஒருவர் கத்தினார். அண்ணன், "மன்னிச்சுக்குங்க, என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே படியேறினான். வாத்தியார் பெரியவரின் பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு நின்றுவிட்டார்.

மொட்டைமாடி அறையில் அண்ணன் பெட்டியைத் திறந்தான். நான் எட்டிப் பார்த்தேன். ஒயர்கள், ஒயர்கள். என் ஒயரைக் காணவில்லை. நான் வெட்டி, நான் மெருகேற்றி, நானே செய்த பொருள் எனக்கே தெரியவில்லை. அவன் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் பித்தளை லேசாக மின்னியது.

அவன் அதைக் கழற்றி மேல் பையில் போட்டுப் பொத்தானும் போட்டான்.

"என் பேரை ஏண்ணா சொல்லல?"

"செஞ்சது நீ, மாட்டினது நான். உன் பேரு எதுக்கு?"

மெயினைப் போட்டுவிட்டு மேல்மாடியில் கிரில்லைத் திறந்து பார்த்தான், லிஃப்ட் அசையவில்லை. மூடிப் பார்த்தான், நகர்ந்தது. ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி மறுபடி பார்த்தான். அதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். அண்ணன் எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"யாருக்கும் அடிகிடி ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

"சரி, நீயே கூப்பிட்டுச் சொன்னதால சின்னதா எழுதி முடிச்சுடறேன். மேல போகாது. அந்தச் சொந்த ஒயரை மொதல்ல தூக்கிப் போடு."

அண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

கீழே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது, வாத்தியார் பெரியவரை அவர் வீட்டில் விடப் போயிருந்தார். ஒரு பெண் மட்டும் சின்ன மகளைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். "லிஃப்ட் சரியாயிடுச்சாங்க? அப்பவே சொல்லணும்னு நெனச்சேன். சாயங்காலம் நாங்க ஏறினப்ப கிரில்லை மூடறதுக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு. வாட்ச்மேன் அந்த நேரம் பார்த்து இல்ல."

"நான் எல்லா மாடியையும் தட்டிக்கிட்டே போனேன்!" என்றாள் குழந்தை. கையை நீட்டிக் காட்டினாள். உள்ளங்கை முழுக்க, லிஃப்ட் போகும் சுவரின் கருப்பு அழுக்கு.

அண்ணன் மண்டியிட்டான். அந்தக் கையை வாங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தான். புறங்கையைத் திருப்பிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து மெதுவாகத் துடைத்தான்.

"இனிமே எந்த லிஃப்ட்லயும் கையை வெளிய நீட்டக் கூடாது பாப்பா."

"ஏன்?"

தாய் சிரித்துக்கொண்டே குழந்தையை உள்ளே அழைத்துப்போனாள், கிரில்லை இழுத்து மூடினாள், லிஃப்ட் மேலே போயிற்று. அது நிற்கும் சத்தம் கேட்கும்வரை அண்ணன் தலையை நிமிர்த்தி நின்றான். பிறகு போனை எடுத்தான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்ணா. அந்தம்மா கம்ப்ளைன்ட் பண்ணல. சிரிச்சுக்கிட்டே போறாங்க. விட்டுடு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு ரெண்டு தடவ சொல்லியிருக்கேன்."

"ஒண்ணும் ஆகலதானே?"

"நீயும் பார்த்தல்ல அந்தக் கைய?" என்றான். கோபமே இல்லாமல்தான் கேட்டான். "சின்னதா எழுதினா சின்னதாத்தான் படிப்பாங்க. இன்னொருத்தன் எங்கயாவது மறப்பான்."

பிடியை விட்டேன்.

"சார், எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் சொன்னது சரியில்ல. ஒரு கொழந்த திறந்த கதவோட கீழருந்து மேல வரைக்கும் போயிருக்கு. கைய வெளிய நீட்டியிருக்கு. ஆமா சார். தெரியும் சார். பெருசாவே எழுதுங்க."

அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நெடுநேரம் பேசினார். அண்ணன் 'சரி' மட்டும் சொன்னான். கடைசியில், "திங்கக்கிழமை சாவியெல்லாம் கொண்டுவந்து ஒப்படைச்சுடறேன் சார். குடோன்தானே, பரவாயில்ல" என்றான். அந்தப் 'பரவாயில்ல'யை என்னால் தாங்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் போனை வைப்பதற்குள் பிடுங்கிக்கொண்டேன்.

"சார், நான் அவரோட தங்கச்சி. லிஃப்ட் வேலை எனக்குத் தெரியாது, ஆனா அந்த ஒயரைச் செஞ்சது நான். உங்க ஆளுங்க இன்னும் எத்தனை பேரு இப்படி வீட்டுல செஞ்சத வெச்சிருக்காங்களோ, திங்கக்கிழமை எல்லார் பையையும் கொட்டிப் பாருங்க சார்."

அவர், "அப்படின்னா உங்க பேரையும் இதுல எழுதணுமேம்மா" என்றார்.

அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் எழுத்து எழுத்தாக என் பெயரைச் சொன்னேன்.