பைக்கு யாரு?

வாஷியில் ஜோன்ஸ் வேலை பார்க்கும் கம்பெனியில் வருஷக் கடைசிக் குலுக்கலில் அவன் பெயர் விழுந்தது. கோவாவில் கடலோர ரிசார்ட், நான்கு நாள், குடும்பம் மொத்தத்துக்கும் தங்கல், சாப்பாடு, ஒரு நாள் சாகசப் பூங்கா, எல்லாம் அடக்கம். செய்தி தாராவிக்கு வந்த அன்று சாயங்காலமே அவன் அப்பா மிக்கேல்ராஜ் பீரோவுக்குள்ளிருந்து விசிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

விசில் எதற்கு என்று கேட்கிற ஆள் தாராவிக்குப் புதுசாகத்தான் இருக்க வேண்டும். தொண்ணூறு அடி ரோட்டில் பெல்ட் தைக்கிற பட்டறை வைத்திருக்கும் மிக்கேல்ராஜ், வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் ஒரு ரயில் பெட்டி நிறைய ஜனங்களை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய், ஒரு ஆள் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறவர். நீலத் தொப்பி, விசில், கொடி, மூச்சுக்கு மூச்சு தலை எண்ணுதல், தூக்கு நிறையப் புளிச்சோறு. பயணம் என்றால் மனுஷனுக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். ஐயா சொர்க்கத்துக்குப் போனாலும் வாசலில் நின்று தலை எண்ணிவிட்டுத்தான் உள்ளே விடுவார் என்று கோவிலில் கேலி பேசுவார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி செல்வமேரிக்கு விசில் இல்லை, தொப்பி உண்டு. வேலையும் உண்டு. பைகளைப் பார்த்துக்கொள்வது. வேளாங்கண்ணியில் எல்லோரும் கடலில் முங்கும்போது அவள் மணலில் உட்கார்ந்து எல்லோருடைய கைக்கடிகாரத்தையும் மடியில் கட்டிக்கொண்டிருப்பாள். ஜூஹு கடற்கரைக்குப் போனால் செருப்புக் காவல். பிள்ளைகள் சின்ன வயதில் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனபோதும் ஈரத் துணிக் குவியலுக்குப் பக்கத்தில்தான் அவள் பொழுது போயிற்று. இத்தனை வருஷத்தில் ஒரு பை காணாமல் போனதில்லை. அதற்காக யாரும் அவளுக்கு மாலை போடவும் இல்லை.

ஆனால் இந்தத் தடவை அவளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. மகள் ஜாய் அந்தப் பூங்காவின் வீடியோவைப் போனில் காட்டினாள். உயரமான இரும்புக் கோபுரம். அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு கம்பிக் கயிறு. இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் சர்ரென்று மரங்களுக்கு மேலே பறந்து போனாள். கையில் ஒன்றும் இல்லை. செல்வமேரி கவனித்தது அதைத்தான். அந்தப் பெண்ணின் இரண்டு கையும் காலியாக இருந்தன.

அன்றிலிருந்து அவளுக்குச் சமையலில் மனசு ஓடவில்லை. ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மிக்கேல்ராஜ் கமிட்டியைக் கூட்டினார். கமிட்டி என்றால் வேறு யார், ஜோன்ஸ், அவன் மனைவி ரீனா, ஜாய், அப்புறம் டீ போட்டுக்கொண்டிருந்த செல்வமேரி.

“மொத நாளு சவேரியார் கோவில். ரெண்டாம் நாளு பூங்கா. காலைல அஞ்சு மணிக்கு எல்லாரும் ரெடியா நிக்கணும்” என்றார் மிக்கேல்ராஜ்.

“மாமா, பூங்கா பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க” என்றாள் ரீனா.

“கூட்டம் வந்துச்சுன்னா?”

“அரே பப்பா, ஹாலிடேக்குப் போறோம், திருவிழாவுக்கு இல்ல!” ஜாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் அசரவில்லை. பெரிய சிக்கல் ஒன்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. பூங்கா ரிசார்ட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. அங்கே போய்விட்டால் ரிசார்ட்டின் மத்தியானச் சாப்பாடு என்னாவது? எல்லாம் அடக்கம் என்று கொடுத்திருக்கிறான். கொடுத்ததை வேண்டாம் என்று விட்டுவருவதற்கு நாமென்ன மகாராஜா வீட்டுப் பிள்ளைகளா?

“நல்லாக் கேட்டுக்கோங்க. காலைல பஃபேயில ஒரு பிடி பிடிக்கோம். பன்னெண்டு மணிக்குப் பூங்காவுல நம்ம புளிச்சோறு. வண்டியப் பிடிச்சு மூணு மணிக்குள்ள திரும்பிட்டோம்னா மத்தியான பஃபேயும் கெடைச்சிரும். ஒண்ணுகூட விட்டுப்போவாது.”

“எல்லாம் அடக்கம்னு சொல்லுற எடத்துக்குப் புளிச்சோறாப்பா?” என்றான் ஜோன்ஸ்.

“லே, அவன் சோறு அவன்கிட்ட. நம்ம சோறு நம்மகிட்ட. ஒங்கம்மா புளிக்காய்ச்சல் கிண்டி எடுத்துக்கிடுவா. வெள்ளச் சோறு காலைல பஃபேயிலயே வாங்கிக்கிடலாம்.”

அடேயப்பா, என்ன மூளை! ரிசார்ட்டின் சோற்றை வாங்கி, தாராவிப் புளியைப் பிசைந்து, ரிசார்ட்டையே ஜெயிக்கிற திட்டம். அவருக்கே பெருமை தாங்கவில்லை, மீசையைத் தடவிக்கொண்டார்.

“சரி, பைக்கு யாரு?” என்றாள் ஜாய்.

யாரும் செல்வமேரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? அவள் டீத் தட்டைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, அந்தக் கயித்துல நானும் ஒருக்கா போயிட்டு வந்துருதேனே.”

எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது.

“ஏட்டி, ஒனக்கு முட்டிவலில்லா!” என்றார் மிக்கேல்ராஜ். லிஃப்ட் நின்றுபோன நாட்களில் நான்கு மாடி தண்ணீர் சுமக்கும்போது அந்த முட்டி ஒருவருக்கும் ஞாபகம் வந்ததில்லை.

“அம்மா, அந்த பெல்ட்ட காலுக்கு நடுவுல மாட்டணும். சேலைல முடியாதும்மா” என்றான் ஜோன்ஸ்.

“நாங்க வீடியோ எடுத்துட்டு வாரோம் அத்தை. நீங்க உக்காந்து நிம்மதியாப் பாக்கலாம்” என்றாள் ரீனா. அவள் நல்லவள்தான், அன்பாகத்தான் சொன்னாள். செல்வமேரிக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான்.

மறுநாள் அவள் காய்கறி வாங்குவதாகச் சொல்லிவிட்டுத் தாதருக்குப் போனாள். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு சுடிதார் வாங்கினாள். மருதாணிப் பச்சை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஜாய் பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாளுக்கு என்று சொல்லிச் சமாளித்தாள். சொர்ணம்மாள் சுடிதார் போட்டு இந்தப் பிறவியில் யாரும் பார்த்ததில்லை. ஜாய்க்கு அதை யோசிக்க நேரமில்லை, போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். செல்வமேரி சுடிதாரைச் சாப்பாட்டுப் பையின் அடியில் விரித்து, அதன்மேல் புளிக்காய்ச்சல் டப்பாவை வைத்தாள். அவள் பையை வேறு யாரும் திறக்கமாட்டார்கள்.

கோவாவில் ரிசார்ட்டுக்காரர்கள் ஐந்து பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் பட்டி ஒட்டினார்கள். அதுதான் எல்லாவற்றுக்கும் டிக்கெட். “ஒனக்குப் பூங்காவுல இது தேவைப்படாது, இருந்தாலும் கெடக்கட்டும்” என்றார் மிக்கேல்ராஜ். நீலத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக அவர் நீச்சல் குளத்தோரம் நடந்தபோது, காட்கோபர் பக்கத்துக் குஜராத்திக்காரர் ஒருவர் வந்து, பூங்காவுக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஊழியர் என்று நினைத்துவிட்டார் பாவம். மிக்கேல்ராஜும் பழக்கதோஷத்தில் நேரத்தைச் சொல்லி, “லேட் மத் கர்னா” என்று எச்சரித்தும் அனுப்பினார்.

இரண்டாம் நாள் காலைப் பஃபேயில் ஜாய் தட்டுத் தட்டாக வெள்ளைச் சோறு வாங்கிவந்தாள். பரிமாறுகிற பையன் அந்த ஒல்லிப் பெண்ணையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். மேஜைக்கு அடியில் வைத்துச் செல்வமேரி சோற்றைப் பிசைந்தாள்.

பூங்கா வாசலில் காவலாளி பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். வெளிச் சாப்பாடு உள்ளே கிடையாது. மிக்கேல்ராஜ் தமக்குத் தெரிந்த ஹிந்தி முழுவதையும் அவன் முன்னால் கொட்டினார். இது சாப்பாடு இல்லை, பிரசாதம் மாதிரி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவன் மசியவில்லை.

“சரி, மேரி, நீ பைக்கு இரு” என்று சொல்லிவிட்டு, விசிலை ஊதி, தலையை எண்ணி, மற்ற மூவரோடு உள்ளே போய்விட்டார். தலை நான்குதான் வந்தது. கணக்கு அவருக்குச் சரியாகவே பட்டது.

வாசலுக்கு வெளியே ஒரு முந்திரி மரம், அதன் கீழே நீளப் பெஞ்சு. அதில் ஏற்கெனவே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பை. காட்கோபர்க்காரரின் மனைவி மடியில் தேப்லா ரொட்டி டப்பா. தானேக்காரி ஒருத்தியிடம் பேரனின் பால் பாட்டிலும் இரண்டு ஜோடி ஷூவும். மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு அம்மாள் தயிர்சாதத் தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லோர் மணிக்கட்டிலும் மஞ்சள் பட்டி.

“நீங்க தமிழா? உக்காருங்கோ” என்று நகர்ந்து இடம் கொடுத்தாள் மாட்டுங்கா அம்மாள். “மாப்பிள்ளை கூட்டிண்டு வந்தார். எல்லாம் அடக்கம்னு சொன்னார். நான் வெளியில இருக்கேன்.”

“ஒங்களுக்கு ஏறணும்னு ஆசை இல்லையா?”

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஏன் இல்லாம?” என்றாள். “யார் கேட்டா?”

வேலிக்கு மேலே கோபுரம் தெரிந்தது. முதலில் ஜோன்ஸ் கத்திக்கொண்டே போனான். அப்புறம் ரீனா, அப்புறம் ஜாய். அடுத்து நீலத் தொப்பி கோபுர நுனியில் தெரிந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பின்னால் வரிசை நெளிய ஆரம்பித்தது. அப்புறம் அந்தத் தொப்பி, கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே கீழே இறங்கியது.

அவள் எழுந்து பையைத் திறந்தாள். புளிச்சோற்றுத் தூக்கை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். அடியிலிருந்து சுடிதாரை உருவினாள். வெளியே இருந்த கழிப்பறைக்குப் போய்த் திரும்பியபோது, மாட்டுங்கா அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். துணியில் புளி வாசம் கமகமத்தது.

வாசலில் மிக்கேல்ராஜ் வந்துகொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

“உள்ள ஒரே கூட்டம் மேரி. நீ தனியா இருக்கியேன்னுதான் துணைக்கு வந்தேன்” என்றவர், அப்போதுதான் அவளைப் பார்த்தார். “ஏட்டி, என்னட்டி இது கோலம்?”

“நல்ல வேளை வந்திய. பையப் பாத்துக்கோங்க.”

“எங்க போற? கீழ பாத்தா தல சுத்துது! சொன்னாக் கேளு, நீ தாங்கமாட்ட!”

“தாங்கலன்னா நானும் படி வழியா எறங்கி வாரேன். ஒங்களுக்குத்தான் அந்த வழி தெரியுமே.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மாட்டுங்கா அம்மாள் இதையெல்லாம் பார்த்தாள். தயிர்சாதத் தூக்கை அவர் பக்கத்தில் வைத்து, “கொஞ்சம் பாத்துக்கோங்கோ” என்று சொல்லிவிட்டுச் செல்வமேரி பின்னால் நடந்தாள். காட்கோபர்க்காரி தொப்பியையும் விசிலையும் நம்பினாள். “பய்யா, ஸரா தேக்னா” என்று தேப்லா டப்பாவை அவர் மடியில் வைத்தாள். தானேக்காரி ஷூக்களைக் காலடியில் அடுக்கினாள். யாத்திரைத் தலைவருக்கு இல்லை என்று சொல்லி வழக்கமில்லை. பைகளை உயர வரிசைப்படி அடுக்கத் தொடங்கிவிட்டார்.

கோபுரத்தில் கடைசிப் படியேறியபோது முட்டி வலிக்கத்தான் செய்தது. பெல்ட்டைப் பூட்டிய பையன், “டர் லக்தா ஹை, ஆன்ட்டி?” என்று கேட்டான். பயமாகத்தான் இருந்தது. கீழே பார்த்தால் மரங்கள் பாசி மாதிரி தெரிந்தன. மாதாவே, கூட இரு என்று சிலுவை போட்டுக்கொண்டு, காலை எடுத்துவிட்டாள்.

காற்று முகத்தில் அறைந்தது. முதலில் சத்தமே வரவில்லை. அப்புறம் வந்தது, நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து. இரண்டு கைகளையும் விரித்தாள். விரல்களைப் பிரித்தாள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, யாருடைய கடிகாரமும் இல்லை, யாருடைய செருப்பும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை வருஷம் கரையில் உட்கார்ந்தே போய்விட்டதே என்று கோபமாகவும் வந்தது, சந்தோஷமாகவும் வந்தது. கயிறு வாசல் பக்கமாக இறங்கியபோது முந்திரி மரத்தடியில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. “ஏய், ஜோன்ஸ் அப்பா!” என்று கத்தினாள். அவர் பெயரைச் சொல்லியே கத்தியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

அவள் வாசலுக்கு வந்தபோது பிள்ளைகள் மூவரும் மரத்தடியில் நின்றிருந்தார்கள். மிக்கேல்ராஜைச் சுற்றி இப்போது வேறு குடும்பங்களின் பைகளும் சேர்ந்திருந்தன. ரீனா மாமியாரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அத்தை! மேல போனது நீங்களா? வீடியோ எடுக்கலையே!”

“பரவால்ல மக்ளே. நான்தான் பாத்துட்டேன்ல.”

“அம்மா, பசிக்குது” என்றான் ஜோன்ஸ்.

“பைக்கு ஆள் இருக்குல்லா, கேளு. நான் இன்னொரு தடவ போயிட்டு வாரேன். ரெண்டு தடவ அடக்கமாம்.”

மிக்கேல்ராஜ் பதறி எழுந்தார். ஷூ வரிசை சரிந்தது. “ஏட்டி, மணி என்னாவுது! மூணு மணிக்கு பஃபேய மூடிருவானுவ! வண்டியப் பிடிக்கணும்!”

“அதுக்கென்ன, நீங்க போய்ச் சாப்பிடுங்க” என்றாள் செல்வமேரி. நாலடி நடந்தவள், திரும்பிப் பெஞ்சு நிறைய இருந்த பைகளைப் பார்த்தாள்.

“ஆனா, பைக்கு யாரு?”