இருபது கணினிக்கு ஒரே எண்

அண்ணி என்று எல்லாரும் அழைப்பவரின் கணினிப் பயிற்சி மையத்தில் இருபது திரைகளும் கறுத்து, ‘இந்த மென்பொருள் அசல் அல்ல’ என்று காட்டி, வேலை செய்யாமல் நின்றன. பத்து மணிக்குத் தேர்வு. அது நடக்காவிட்டால் மையத்தின் அனுமதி போய்விடும்.

“நேத்து ஒரு மெஷின்லதானே கை வச்சீங்க, தம்பி?” என்று மெக்கானிக்கிடம் கேட்டார் அண்ணி.

மெக்கானிக் தலைகுனிந்தார். மென்பொருளின் உரிம எண்ணாக ஒரே திருட்டு எண்ணைத்தான் இருபதிலும் போட்டிருந்தார். உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டை மாற்றினால் கணினி தன்னைப் புதிய கணினியாகக் கருதி, அந்த எண்ணை மென்பொருள் நிறுவனத்திடம் மறுபடி சரிபார்க்கும். நேற்று ஒரு கணினியில் அவர் அதை மாற்றியதும் அப்படித்தான் ஆனது. நிறுவனம் எண்ணையே முடக்கிவிட்டது. இணையத்தோடு இணைந்திருந்த மற்றக் கணினிகளும் காலைக்குள் முடங்கின.

“ஒண்ணுக்கு வைத்தியம் பார்த்து இருபதையும் சாகடிச்சிட்டீங்களே! இப்ப சரி பண்ண முடியுமா?”

“அசல் எண் வாங்கி எல்லாத்துலயும் ஏத்த சாயங்காலம் ஆயிடும், அண்ணி.”

“தேர்வு அதிகாரி வாசலுக்கு வந்துட்டார். நீங்களே போய்ச் சொல்லுங்க.”

மெக்கானிக் வாசலுக்குப் போனார்.