மாவட்ட எல்லையைத் தாண்டிய பெட்டி

எர்லீன் சாவியைத் துளையில் செருகி முழுப் பலத்தோடு திருப்பினாள். அசையவில்லை. சவப்பெட்டிக்குள்ளிருந்து வந்த தட்டல் சத்தம் மெலிந்துகொண்டே போனது.

"கூட்டம் போடாதீங்க. யாராவது ஒருத்தர் மட்டும் கால்மாட்டைப் பிடிங்க, ஆடாம."

கேமராவை விட்டுவிட்டு ஓடி வந்த இயக்குநர் நயோமி பிடித்துக்கொண்டாள். எர்லீன் சாவியை வெளியே இழுத்து, துளைக்குள் பலமாக ஊதி, மறுபடி செருகித் திருப்பினாள். விளிம்பிலிருந்த ரப்பர் உறிஞ்சும் சத்தத்தோடு பிரிந்தது. மூடி எழுந்தது.

உள்ளே கிடந்த நடிகன் ட்ரெவான் எழுந்து உட்கார்ந்து, காற்றைக் குடிப்பவன் போல மூச்சு வாங்கினான். பாதிரியார் அங்கி தொப்பலாக நனைந்திருந்தது. நிஜம் போலத் தெரிய வேண்டுமென்று உதவியாளர் ஒருவர் பெட்டியை இறுக்கிப் பூட்டிவிட்டாராம்.

கறுப்பர் உரிமை இயக்கத்தின் மறைந்த தலைவர், பாதிரியார் ரெவரெண்ட் ஏமஸ் டிலார்டின் வாழ்க்கைப் படம் அது. மிசிசிப்பியில் ஹார்லன்வில் ஊரைத் தாண்டிய தார்ச்சாலையில், உச்சி வெயிலில், ஊரே மனப்பாடமாகச் சொல்லும் சம்பவத்தைப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். அறுபது வருடங்களுக்கு முன்பு, கறுப்பர்களை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அழைத்துப் போன டிலார்டைத் தீர்த்துக்கட்ட, மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் ஆட்கள் கிளம்பினார்கள். சவ அடக்க நிலையம் நடத்திய செஃபஸ் கேஸ்கின் அவரைச் சவப்பெட்டியில் படுக்கவைத்து, அமரர் ஊர்தியில் ஏற்றி, மாநிலப் போலீஸின் தடுப்பைத் தாண்டி அனுப்பிவைத்தார்.

செஃபஸ் எர்லீனின் தாய்மாமன். அவளை வளர்த்து, படிக்கவைத்து, நிலையத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனவர். படத்துக்குப் பழைய ஊர்தியையும் பெட்டியையும் அவள் சந்தோஷமாகத்தான் கொடுத்திருந்தாள். அன்று காலை வரை.

காலையில்தான் அடுத்த காட்சி அவள் காதில் விழுந்தது. ஷெரீஃபிடம் போய் டிலார்ட் தங்கியிருக்கும் வீட்டைக் காட்டிக்கொடுக்கிறான் ஒருவன். பெயர், வெண்டல் ப்ரூவர். எர்லீனின் அப்பா.

அவள் நயோமியிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். நயோமி குரலை உயர்த்தவே இல்லை. யாரோ காட்டிக்கொடுத்தது நிஜம், அதே ராத்திரி உங்கள் அப்பா காணாமல் போனதும் நிஜம், சிகாகோவுக்கு ஓடிவிட்டார் என்று ஊரே சொல்கிறது, நான் சொல்லவில்லை என்றாள். இல்லையென்று சொல்ல ஒரே ஒரு ஆள் வரட்டும், காட்சியைத் தூக்கிவிடுகிறேன், மத்தியானச் சாப்பாட்டு வேளை வரை நேரம் என்றாள்.

அப்போது எர்லீனுக்கு ஆறு வயது. அப்பாவின் ஷூ மேல் ஏறி நின்று சமையலறையில் ஆடியது மட்டும்தான் ஞாபகம். அதை வைத்து என்ன நிரூபிக்க முடியும்? அம்மா சாகும் வரை சிகாகோவிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

கடைசியில் ஓடிப் போய் லூதர் கோஃபீல்டைக் காரில் அழைத்து வந்தாள். அந்தக் காலத்தில் மாமாவின் ஊர்தியை ஓட்டியவர். எண்பது வயது. வந்ததிலிருந்து குடை நிழலில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சாப்பாடு வந்தது. பொரித்த மீன், சோள ரொட்டி, சர்க்கரை தூக்கலாகப் போட்ட ஐஸ் டீ. போலீஸ்காரனாக நடிக்கும் வெள்ளைக்கார இளைஞன் தட்டோடு வரிசையில் நின்று முன்னால் இருந்தவர்களிடமெல்லாம், காட்சியில் திட்டியதற்காக, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் அதுதான் அவன் வேலை.

"தம்பி, நீ திட்டினதை மன்னிச்சாச்சு. மீன் ஆறுது, நகரு" என்றாள் சர்ச் பாடகர் குழுவின் பியூலா.

சிரிப்பு அடங்கியதும் ட்ரெவான் எர்லீன் அருகே வந்து உட்கார்ந்தான். அவன் முகம் இன்னும் தெளியவில்லை. என்னால் கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியவில்லையே, ஊரிலிருந்து எல்லை வரை அவர் எப்படி இதில் படுத்திருந்தார் என்று கேட்டான். தைரியம்தான் என்று யாரோ சொன்னார்கள். ஆண்டவரின் கிருபை என்றாள் பியூலா.

"படுக்கலை" என்றார் லூதர்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ரெவரெண்ட் பெட்டியில படுக்கவே இல்லை. என் தொப்பியை மாட்டிக்கிட்டு வண்டியை ஓட்டினது அவர்தான். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். சாவு வண்டி ஓட்டற கறுப்பன் மூஞ்சியை எந்தப் போலீஸ்காரன் பாத்தான்?"

நயோமியின் கையிலிருந்த தட்டு சரிந்து, மீன் துண்டு மண்ணில் விழுந்தது. அவள் குனியவில்லை. படத்தின் போஸ்டரே அந்தப் பெட்டிதான்.

மாமா ஒவ்வொரு ஜூன் மாதமும், அந்தச் சம்பவத்தின் நினைவு நாளில், சர்ச் மேடையேறிச் சொன்ன கதை. எர்லீனே பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொன்ன கதை. பிரதர் லூதர், இது தமாஷ் பண்ணுகிற விஷயமா என்று கேட்டாள். லூதர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நயோமி முதலில் சுதாரித்தாள். போலீஸ் மூடியைத் திறந்து பார்த்ததாக அவர்களில் ஒருவனே பிற்பாடு சொல்லியிருக்கிறானே, உள்ளே ஆள் இருந்ததாகவும் சொன்னானே என்று மடக்கினாள்.

இருந்தது என்றார் லூதர். நிஜப் பிணம். அதனால்தான் மூடியை உடனே சாத்திவிட்டு, போ என்று கையை ஆட்டினார்கள்.

பிறகு அவர் தொப்பியின் விளிம்பைத் தடவியபடியே மெல்லச் சொல்லிக்கொண்டு போனார். அந்த ராத்திரி, ரெவரெண்ட் தங்கியிருந்த தன் வீட்டு வாசலில் செஃபஸ் துப்பாக்கியோடு காவல் இருந்தார். நம் ஆள் வந்தால் காரின் முன்விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட வேண்டும், அதுதான் பேச்சு. அதற்கு முந்தின வாரம்தான் விளக்கைப் போடாமல் வந்த ஒரு கார் பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தது. அன்றைக்கும் ஒரு கார் இருட்டோடு இருட்டாக, விளக்கே இல்லாமல் வாசலுக்குள் திரும்பியது. செஃபஸ் சுட்டார். ஒரே குண்டு.

"ஓடிப் போய்க் கதவைத் திறந்தோம். நம்மாளு. விளக்கைப் போட்டிருந்தா பின்னாடி வர்ற ஷெரீஃப் கண்ணுல பட்டிருக்கும்னு அணைச்சுட்டு வந்திருக்கான். 'வர்றாங்க, ரெவரெண்டைக் கிளப்புங்க'ன்னான். அதைச் சொல்லத்தான் உயிரைப் பிடிச்சு வெச்சிருந்தான்."

போலீஸ் உடுப்பிலிருந்த இளைஞன் தன் தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தான்.

செஃபஸ் அழவில்லையாம். உடனே ரெவரெண்டையும் உடலையும் தன் நிலையத்துக்குக் கொண்டுபோய், தன் கையாலேயே அவனைக் குளிப்பாட்டி, முகத்துக்குப் பவுடர் பூசி, நெஞ்சிலிருந்த ஓட்டை தெரியாமல் தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுவிட்டாராம். செத்தும் ஒரு வேலை செய்துவிட்டுப் போகட்டும் என்றாராம். விடிவதற்குள் பெட்டி கிளம்பிவிட்டது. எல்லைக்கு அப்பால் ஒரு சின்ன சர்ச்சுக்குப் பின்னால், கல்லும் வைக்காமல் புதைத்தார்கள். டிலார்ட்தான் ஜெபம் சொன்னார். வெளியே சொன்னால் செஃபஸைத் தூக்கில் போடுவார்கள், இயக்கத்தையும் நாறடிப்பார்கள் என்று மூன்று பேரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். அந்த இருவரும் போன பிறகும் லூதர் வாயைத் திறக்கவில்லை.

"ஊரு அவனைப் பத்திப் பேசினதையெல்லாம் காதுல வாங்கிட்டு சும்மா இருந்துட்டேன். இப்ப அதையே வேஷம் கட்டி நடிக்கப் போறாங்கன்னதும் உக்காந்து பாக்க முடியலை."

எர்லீன் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கேட்க வேண்டாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கேட்டாள்.

"அந்தப் பெட்டியில யாரு?"

லூதர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வெண்டல். உங்கப்பன் எங்கேயும் ஓடலை, பாப்பா."