சூசை ஓட்டாத கார்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. சூசையின் சவப்பெட்டிக்கு மேலே தொங்கவிடப்பட்டிருந்த படத்தில் இருந்தவர் சூசை அல்லர்.

இதைப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்துத் தோற்றபின், அவருடைய மனைவி மார்த்தா பிளாஸ்டிக் நாற்காலியொன்றின்மீது ஏறிப் பேனரின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். ஜெலுத்தோங் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பந்தல் போடப்பட்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் மீஹூன் நூடுல்ஸ் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். மகன் பேட்ரிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மா, எறங்குங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தானே மாட்டி வெச்சிருக்க."

பேனரில் பச்சை நிறப் பழைய பந்தயக் கார் ஒன்று வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் திறந்த இருக்கையில், தலைக்கவசமும் பெரிய கண்ணாடியும் மூக்குவரை மறைத்த துணியுமாக ஒருவர் அமர்ந்திருந்தார். அடியில் தங்க நிற எழுத்தில், 'பந்தயப் பாதையின் நாயகன் திரு. சூசை' என்று அச்சிட்டிருந்தது. பொய் சொல்லுவதற்கு வாய் வேண்டும் என்பதில்லை. ஓர் அச்சுக்கடை போதும்.

சூசை வாழ்நாளில் எந்தப் பந்தயக் காரையும் ஓட்டியவர் அல்லர். மாக் மண்டின் தொழிற்சாலையொன்றில் கிடங்குக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பந்தயக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டும் கூட்டம் சிப்பாங்கில் நடந்தாலும் ஜொகூரில் நடந்தாலும், இரண்டு கேமராப் பைகளோடு புறப்பட்டுவிடுவார். வேலியோரம் வெயிலில் நின்று படமெடுப்பார். வியாழக்கிழமை காலை, ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் இறந்துபோனார்.

"அப்பாவோட போட்டோ ஒண்ணுகூட நல்லா இல்ல மா," என்றான் பேட்ரிக். "ஐசி கார்டுல உள்ள போட்டோவப் பாத்தீங்களா? போலீஸ்ல புடிச்சு வெச்ச ஆளு மாதிரி இருக்காரு. இதுதான் ஸ்டைலா இருந்துச்சு. ஹெல்மெட் போட்டிருக்கு, மூஞ்சி தெரியல. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்டா."

மேல்மாடி மோகனா பொட்டலத்தை வைத்துவிட்டு அருகில் வந்தாள். "என்னக்கா, வீட்டுக்காரர் ரேஸ் ஓட்டினவர்னு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க?"

"அவர் ஓட்டினது சின்னக் கஞ்சில் கார், மோகனா. பாலிக் புலாவ் மேட்டுல ஏறுறப்ப, நான் எறங்கி நடந்தா அவருக்கு முந்திப் போயிருப்பேன்."

"அப்ப இது?"

"அது அந்தக் காலத்துல, ஆன்ட்டி," என்று பேட்ரிக் முந்திக்கொண்டான். பிறகு தாயிடம் குரலைத் தாழ்த்தினான். "ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன் மா. ஓட்டப் பந்தயத்தப் பத்தி வசனம் ஒண்ணு இருக்காம். பிரசங்கத்துல வெச்சா கரெக்டா பொருந்துமாம். இப்பப் போயி மாத்தினா அசிங்கம்லா."

மார்த்தாவின் விரல்கள் முடிச்சில் அப்படியே நின்றன. இன்னும் சிறிது நேரத்தில் பாதிரியார் வந்துவிடுவார். மந்திரித்து, பெட்டியை மூடி, கோயிலுக்குக் கொண்டுசென்று, கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் முன்னால் வேறொருவரை அடக்கம் செய்துவிடுவார்கள். சூசையின் கேமராவை முப்பது ஆண்டுகள் வைதவர் மார்த்தா. மகள் கிளாரிஸின் புதுநன்மைச் சடங்குக்குக்கூட, படமெடுக்கப் போயிருந்த சூசை பாதித் திருப்பலியில்தான் வந்து சேர்ந்தார். அந்தப் பொழுதுபோக்கை வைவதற்கு மார்த்தாவுக்கு உரிமை இருந்தது. இல்லாமல் ஆக்குவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

முடிச்சு அவிழ்ந்து பேனரின் ஒரு முனை சரிந்தபோது, வெள்ளைத் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் பந்தலுக்குள் வந்தார். ஜுருவில் கார்ப் பட்டறை வைத்திருக்கும், சூசையின் நண்பர் சீனி முகம்மது அவர். சரிந்து கிடந்த படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது. நான் இன்னும் மவுத்தாகலியே."

பின்வரிசையில் ஒருவர் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். பேட்ரிக் நாற்காலியை விட்டுவிட்டான்.

"மன்னிச்சுக்குங்கண்ணே," என்றார் மார்த்தா மேலிருந்தபடியே. "நான் பெத்தது செஞ்ச வேல."

"பரவால்ல. காடி என்னோடதுதான், ஆளும் நான்தான். ஆனா இந்தப் படத்த அவரு எனக்கே குடுக்க மாட்டேன்னுட்டாரே. எவ்வளவு கெஞ்சினேன்." சீனி முகம்மது காரின் முன்சக்கரத்தின்மீது விரலை வைத்தார். "பாரு தம்பி, கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. ஓடுற காடில கம்பி தெரியுமா? 'இது பார்க்கிங்ல நிக்கிற காடி, சீனி, தூக்கிப் போடு'ன்னாரு. சக்கரம் சுத்தணும் அவருக்கு. பின்னால மரம், வேலி எல்லாம் கோடு கோடா ஓடணும்."

மார்த்தா மகனைப் பார்த்தார். "அப்பா கம்ப்யூட்டர்ல எந்த போல்டர்ல எடுத்த?"

பேட்ரிக் சரிந்த பேனரின் முனையைத் தூக்கிப் பிடித்தான்.

"எந்த போல்டர்டா?"

"சம்பா."

சம்பா, அதாவது குப்பை, என்று தந்தை பெயரிட்டு ஒதுக்கிவைத்த இடத்திலிருந்து மகன் அவருக்கு மரியாதை தேடி எடுத்திருக்கிறான்.

"மத்த போட்டோ எல்லாத்துலயும் பின்னாடி கலங்கலா இருக்கு மா," என்றான் அவன் பரிதாபமாக. "கை ஆடிருச்சுன்னு நெனச்சேன். இது ஒண்ணுதான் ஷார்ப்பா இருந்துச்சு."

மார்த்தா அடுத்த முடிச்சையும் அவிழ்த்தார். பேனர் தரையில் விழுந்தது. அவர் இறங்குவதற்கு மோகனா கை கொடுத்தாள்.

சீனி முகம்மது அதற்குள் பெட்டியருகே சென்றிருந்தார். நெடுநேரம் குனிந்து பார்த்தவர், முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, இவர என்ன பண்ணி வெச்சிருக்கானுங்க?"

"ஏண்ணே?"

"மூஞ்சி பூரா மாவு. வலது கண்ணச் சுத்தி மட்டும் வெளுத்திருக்குமே, கேமரா பதியிற எடம். மத்ததெல்லாம் வெயில்ல கருத்துக் கெடக்கும். 'பாதி ஆந்த வந்துருச்சு'ன்னு நாங்க கேலி பண்ணுவோம். இங்க ஆந்தையக் காணோமே."

மார்த்தா எட்டிப் பார்த்தார். ஈமச்சடங்கு நிறுவனத்தார் தம் தொழிலைக் குறைவில்லாமல் செய்திருந்தனர். நெற்றி, கன்னம், கண், கழுத்து எல்லாம் ஒரே மாநிறம். காலையிலிருந்து அந்த முகத்தருகே அமர்ந்திருந்தும், தலைக்கு மேலே தொங்கியதோடு சண்டையிட்டதில் அவர் இதைக் கவனிக்கவில்லை.

வாசலில் பாதிரியாரின் கார் வந்து நின்றது. நிறுவனத்து ஆள்கள் இருவர் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தனர்.

"டைம் ஆச்சும்மா."

"ஃபாதர உக்காரச் சொல்லுங்க. காப்பி குடுங்க." மார்த்தா கைக்குட்டையைப் புட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார்.

"அம்மா, மேக்கப் கலைஞ்சிடும்," என்றார் மூடியைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர்.

"கலையட்டும்."

அவர் நெற்றியிலிருந்து தொடங்கினார். மாவு திட்டுத்திட்டாகத் துணியில் ஒட்டியது. நெற்றியின் கருமை வெளிப்பட்டது. பிறகு இடக்கன்னம், மூக்கு, காதுமடல். வலக்கண்ணருகே வந்ததும் கையை மெதுவாக்கினார். இமையைச் சுற்றி வெளிறிய தோல், ஓரத்தில் நெரிந்த சுருக்கங்களோடு, கொஞ்சங்கொஞ்சமாகத் தெரிந்தது. அவர் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"நான் இதப் பாத்ததே இல்ல மா," என்றான் பேட்ரிக்.

"இப்பப் பாரு."

பேட்ரிக் பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிந்தான். மூடியைத் தூக்கி வந்தவர்கள் அதைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, கைகட்டி நின்றனர்.

வாசகரே, நீங்களும் வரிசையில் வாருங்கள். மேலே பார்க்க வேண்டா. பெட்டிக்குள் பாருங்கள்.