எண்ணிக்கை சரியாக இருந்தது

ஒன்பது மணி நேரத்தில் பதினோரு இடம். டூர் கம்பெனி கொடுத்த தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. கண்டக்டர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஊரில்தான் அவர் பஸ் கண்டக்டர்; விமானம் ஏறி வெளிநாட்டுக்குச் சுற்றுலா வந்திருந்தாலும், பஸ் என்று ஒன்றில் ஏறிவிட்டால் அவரால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது.

"மூணாவது இடம் பூங்கா. இருபதே நிமிஷம். செடியோட பேசிக்கிட்டு நின்னுடாத, விஞ்ஞானி," என்றார் மனைவியிடம்.

அவள் விஞ்ஞானி இல்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கல்யாணமான புதிதில் பால் பொங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவர் வைத்த பெயர் நாத்தனார் வீடு வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

காலையில் முதல் இடத்திலேயே கைடு பெண் ஆட்களை எண்ண முடியாமல் திணறினாள். ஒரு தரம் இருபத்து மூன்று, மறு தரம் இருபத்தைந்து. கண்டக்டருக்குப் பொறுக்குமா? எழுந்து போய்ப் படியோரம் நின்றார். கடைசி சீட்டிலிருந்து முன் சீட்டு வரை ஒரே பார்வை. "என்னையும் சேர்த்து இருபத்து நாலு. ரைட், போலாம்!" எல்லாரும் கை தட்டினார்கள். இருபத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு ஆளை விட்டுவிட்டுக் கிளம்பியதில்லை என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னார்.

பூங்காவின் கோடியில் ஒரு கண்ணாடி வீடு. உள்ளே வெக்கையாக இருந்தது. அங்கேதான் அவள் அந்தச் செடியைப் பார்த்தாள். பூச்சி பிடிக்கும் செடி. அதன் படத்தைப் பதினோரு வருஷமாக ஆய்வகச் சுவரில் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள். நிஜத்தில் ஒரு டீ கிளாஸுக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. வாய் பிளந்த இலைகள், உள்ளே மெல்லிய முடிகள். ஒரு முடியில் ஒரு தரம் பட்டால் ஒன்றும் ஆகாது. இருபது விநாடிக்குள் மறுபடி பட்டால் இலை மூடும்.

ஒரு ஈ இலையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

ஹாரன் கேட்டது. அவள் நகரவில்லை. அவர் எண்ணுவார், ஒன்று குறையும், பஸ் நிற்கும். கொஞ்சம் திட்டு வாங்கினால் போச்சு. ஈ உள்ளே இறங்கி ஒரு முடியை உரசியது. அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஆறு, ஏழு. கண்ணாடிக்கு வெளியே மஞ்சள் பஸ் பின்னால் வந்து திரும்பியது. ஓடினால் பிடித்துவிடலாம். வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினால்கூடப் போதும். பன்னிரண்டு, பதின்மூன்று. இலை மூடிக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தால் பஸ் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. நடந்தது இதுதான். அங்கே நின்ற பஸ் எல்லாமே மஞ்சள். வேறு கூட்டத்து மனிதர் ஒருவர் பஸ் மாறி ஏறி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். தலைகள் இருபத்து நாலு. கண்டக்டர் ரைட் கொடுத்துவிட்டார். பழக்க தோஷம், வழி நெடுக டிரைவர் பக்கத்தில் நின்றபடியே போயிருக்கிறார். அடுத்த இடத்தில் அந்த மனிதர் கண் விழித்து, தன் பெண்டாட்டி எங்கே என்று அலறியபோதுதான் கண்டக்டர் தன் சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாராம்.

அந்த மனிதரின் மனைவி பூங்கா வாசலில் குடையோடு நின்றிருந்தாள். வெயில் இல்லை, மழையும் இல்லை. குடை எதற்கு என்று அவர் முதுகுக்குத் தெரிந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஓடி வந்து தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் செய்தது கல்யாணப் பந்தலுக்கு அப்புறம் இதுதான்.

"மன்னிச்சுடும்மா. தலையைத்தான் எண்ணினேன், மூஞ்சியைப் பார்க்கலை. பயந்துட்டியா?"

"இல்லைங்க."

"பாருங்க, பயந்ததைக்கூடச் சொல்ல மாட்டேங்குறா."

முன் சீட்டு அம்மாள் விடவில்லை. "என்ன கண்டக்டரே, ஊரார் புருஷனைப் பத்திரமா ஏத்திட்டு, உங்க பெண்டாட்டியை இறக்கி விட்டுட்டீங்களே!"

பஸ் சிரிப்பில் குலுங்கியது. அவர் தன் சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்து ஒரு பாலம். பார்த்துவிட்டு எல்லாரும் ஏறியதும் கைடு பெண் வந்தாள். "அண்ணே, கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்களேன்."

"நீயே எண்ணிக்கோம்மா."

அவள் எண்ணினாள். இருபத்திரண்டு. மறுபடி இருபத்தைந்து. கண்டக்டர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் நீட்டிய பிஸ்கெட்டும் வேண்டாமாம்.

"ஊருக்குப் போனதும் டிப்போவுல எழுதிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்," என்றார் மனைவியிடம். "ஆபீஸ்ல ஏதாவது ஒரு மூலையில போட்டுடுங்கன்னு."

"எதுக்குங்க?"

"சொந்தப் பெண்டாட்டியையே விட்டுட்டு வந்தவன், ஊர் ஜனத்தை எப்படி ஏத்தி இறக்குறது? கைப்பழக்கம் போயிடுச்சு, விஞ்ஞானி. இனிமே தைரியமா ரைட் கொடுக்க வராது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளையாட்டுக்குச் சொன்னால் அவருக்குப் புருவம் ஏறும். இப்போது ஏறவில்லை.

அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு எல்லாம் லாபம்தான். நாத்தனாரே முதல் தடவையாக அவள் பக்கம் பேசுவாள். சொன்னாலோ, ஒரு ஈக்காக ஒரு பஸ் ஜனத்தையே அலைய விட்டவள் என்று இனி எந்தக் கல்யாண வீட்டிலும் தலை காட்ட முடியாது. ஆனால் தினமும் ராத்திரி சாப்பிடும்போது இன்றைக்கு யார் ஏறினார், யார் தூங்கிவிட்டு ஸ்டாப்பைத் தாண்டினார் என்று சொல்லிச் சிரிக்கும் மனுஷர், ஒரு மூலையில் உட்கார்ந்து என்னத்தைச் சொல்லுவார்?

"ஏங்க."

"சொல்லு."

"உங்க மேல தப்பில்லைங்க."

"நீ வேற எப்படிச் சொல்லுவ?"

"அதில்லைங்க."

முன் சீட்டு அம்மாள் திரும்பினாள். பக்கத்து சீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். கண்டக்டர் மனைவிக்கு எப்போதும் பாதிக் குரல்தான் வரும். இப்போது கைடு பெண்ணும் எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

"பஸ் கிளம்பினதை நான் பார்த்துக்கிட்டேதான் நின்னேன். ஓடி வந்திருக்கலாம். வேணும்னுதான் வரலை."