நிறை கூடின சாக்கு

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி சனிக்கிழமை, சிலாவத்துறைக் கடற்கரையில் நடந்த துப்புரவுப் பணியில், அதிக நிறையுள்ள சாக்குக்கான கிண்ணத்தை இரண்டாம் அணி வென்றது. சாக்கின் நிறை நாற்பத்தொரு கிலோ. மற்ற அணிகளின் சாக்கு எதுவும் பத்துக் கிலோவைத் தாண்டவில்லை.

அந்த வித்தியாசத்தைப் பற்றி அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை. போட்டி வைத்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்பது சேவைக் கழகத் தலைவி ஸீனத்தின் யோசனை. சந்தியில் பாமசி நடத்துகிறாள். கழகம் கண் பரிசோதனை முகாம் நடத்தியிருக்கிறது, வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகள் இறைத்திருக்கிறது. ஆனாலும் எதைச் செய்தாலும் முதலில் பனர் கட்டிப் படம் எடுத்துக்கொள்வதால் ஊரில் அதற்குப் ‘பனர் கழகம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. இந்த முறை ஆட்கள் நிறைய வந்தார்கள். இரண்டாம் அணிக்குத் தலைமை தாங்கியவர் கழகச் செயலாளரும் கணித ஆசிரியருமான சுபாஸ்கரன். பாப்பாமோட்டையில் வயற்காரக் குடும்பத்தில் பிறந்தவர். மாற்றலாகி வந்து ஏழெட்டு மாதம்தான். வென்ற சாக்குக்குச் சிவப்பு நாடா கட்டிப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். பிறகு உழவு இயந்திரம் வந்து எல்லாச் சாக்குகளையும் ஊருக்கு வெளியே குப்பை மேட்டுக்கு ஏற்றிப்போனது.

அன்று பின்நேரம் ஸீனத்தின் மூத்த சகோதரன் அபூசாலி பாமசிக்கு வந்தான். வந்தவன் உள்ளே போகவில்லை. மருந்து வாங்க நின்றவர்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்று, தன் முறை வரும்வரை காத்திருந்தான். அதிலேயே ஸீனத்துக்கு ஏதோ பிழை என்று விளங்கிவிட்டது.

“என்ன நானா, என்ன மருந்து?”

“மருந்தில்ல. போத்தல்.”

“என்ன போத்தல்?”

“பூவரசுக்குக் கீழ வச்சிருந்தன். மண் போட்டு, கயிறும் கட்டி.”

கணவாய் முட்டை போட மறைவான இடம் தேடி வரும். அதற்காக மரக்கொப்புகளைக் கட்டாகக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். கட்டு அடியில் நிற்க மண் நிரப்பிய போத்தல். இருக்கும் இடம் தெரிய மேலே மிதக்கும் வெறும் போத்தல். எந்த இடத்தில் யாருடைய கட்டு முதலில் இறங்குகிறதோ அந்தப் பருவம் முழுக்க அந்த இடம் அவனுடையது. எழுதி வைக்காத சட்டம், ஆனால் ஒருவரும் மீறுவதில்லை. சோழகக் காற்று ஓய்ந்து கடல் படியும்வரை எல்லோரும் கரையில் காத்திருப்பார்கள். காற்று வெள்ளிக்கிழமைதான் விழுந்தது. திங்கள் காலை படகுகள் இறங்கப்போகின்றன.

அபூசாலி போன வருடம்வரை படகு முதலாளியான சம்மாட்டியின் படகில் போனவன். இந்த வருடம் சொந்தப் படகு. சம்மாட்டியிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லியும் விட்டான். வட்டப்பார் என்ற கடலடிப் பாறைத்திட்டின் தெற்குப் பக்கத்தை மனதுக்குள் குறித்து வைத்திருந்தான். அது கை நழுவினால் அடுத்த பருவம்வரை மறுபடி சம்மாட்டியின் படகுதான். அதையும் வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

“வேற போத்தல் பொறுக்கிக் கட்டேலாதா நானா?”

“எங்க பொறுக்கிற? அதுகளும் கரையில பொறுக்கினதுதான். இப்ப போய்ப் பார், ஒரு மூடிகூட இல்ல. வடிவாத்தான் கூட்டியிருக்கிறீங்க.”

அவனுக்குப் பிறகு வந்து இருமல் பாணி மருந்துக்கு நின்ற பெண் சிரித்துவிட்டாள். ஸீனத்துக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சுபாஸ்கரனுக்கு அழைப்பு எடுத்தாள்.

ஞாயிறு காலை குப்பை மேட்டில் கழகத்தின் மஞ்சள் ரீசேட் போட்டவர்கள் மறுபடியும் தெரிந்தார்கள். இந்தத் தடவை பனர் இல்லை. மாடுகள் விலகி நின்று பார்த்தன. நாடா கட்டிய சாக்கு உடனே அகப்பட்டது. இரண்டாம் அணி அதே பூவரசடியில் நிரப்பிய மற்றச் சாக்குகளைத்தான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத் தேடவேண்டியிருந்தது.

“சேர், தூக்கேக்க தெரியல்லையா?” என்று அபூசாலி கேட்டான்.

“பாரமாத்தான் கிடந்தது.”

“பிளாஸ்ரிக் நாப்பது கிலோ வருமா? இதென்ன கணக்கு சேர்?”

சுபாஸ்கரன் கையில் ஒட்டியிருந்ததைக் காற்சட்டையில் துடைத்தார். “உண்மையைச் சொன்னா நானா, வெல்லப்போறம் எண்ட சந்தோசத்தில கணக்குப் பார்க்கேல்ல. எங்கட ஊரில போத்தலுக்க மண் இருந்தா அது குப்பைதான்.”

“கயிறு கட்டியிருந்ததே?”

“கட்டிப் போட்ட குப்பை எண்டு நினைச்சம்.”

அபூசாலி முதல்தடவையாகச் சிரித்தான். சிரித்து முடிக்கும்போது சுபாஸ்கரன் இன்னொரு சாக்கைத் தோளில் ஏற்றியிருந்தார்.

மத்தியானம்வரை தேடியும் ஒரு சாக்கு மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்த போத்தல்களிலும் சிலதை அணியில் யாரோ ஒரு சுத்தக்காரர் மண்ணைக் கொட்டி, கயிற்றை வெட்டி, தனித்தனியாகப் பிரித்திருந்தார். மற்ற அணிகளின் போத்தல்கள் நசுங்கிப்போயிருந்தன. எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவந்து மண்ணில் பரப்பிப் பார்த்தபோது பாதிக்குக் கொஞ்சம் கூட இருந்தது. வட்டப்பாருக்கு அது காணாது.

ஸீனத் போத்தல்களை எண்ணினாள். பிறகு முச்சக்கரவண்டியைக் கூப்பிட்டுப் பாமசிக்குப் போனாள். திரும்பி வந்தபோது வண்டியின் பின்சீற்றில் இரண்டு பெரிய உரப்பைகள் இருந்தன. உள்ளே வெறும் தண்ணீர்ப் போத்தல்கள்.

“இது எங்கால?” என்றான் அபூசாலி.

“நேத்து துப்புரவுக்கு வந்த ஆக்களுக்குக் குடிக்க வாங்கினது.”

“பிளாஸ்ரிக் பொறுக்க வந்த ஆக்களுக்கா?”

“இப்ப அதைக் கேக்காதீங்க நானா. மண்ணை அள்ளுங்க.”

நனைந்த மண்ணில் இருக்க முடியாததால், போன வருடத்துக் கழகப் பனரை விரித்தார்கள். அபூசாலியின் மனைவி ஷிஹானா புனல் ஒன்றோடு வந்து நடுவில் அமர்ந்தாள். அமர்ந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

“மச்சி, உன்ட முகத்துக்கு மேலதான் இருக்கிறன். குறை நினைக்காத.”

“நல்லா இரு மச்சி. அந்தப் படம் எனக்கும் பிடிக்காது.”

சுபாஸ்கரனுக்கு முடிச்சு வரவில்லை. அவர் கட்டியதை எல்லாம் அபூசாலி ஒரே இழுப்பில் அவிழ்த்துப் போட்டான். நாலாவது தடவை அவிழவில்லை. அவன் அதைத் திருப்பிப் பார்த்து, கட்டி முடித்தவற்றின் குவியலோடு சேர்த்து வைத்தான். அதன் பிறகு சுபாஸ்கரன் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேகமாகக் கட்டினார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது வேலை முடிந்திருந்தது. ஸீனத்தின் நகங்களுக்குள் மண். பாமசி அன்று முழுக்கப் பூட்டியிருந்தது.

திங்கள் காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, கொப்புக்கட்டுகள் ஏற்றிய படகைத் தள்ள ஆட்கள் கூடியிருந்தார்கள். பாடசாலைக்குப் போகும் உடுப்போடு சுபாஸ்கரன் வந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கி, கிண்ணத்தைப் படகுக்குள் வைத்தார்.

“இது உங்கட போத்தலுக்குக் கிடைச்சது நானா.”

அபூசாலி அதை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடியைப் பார்த்தான். “ஓட்டை இல்லத்தானே?”

“இல்ல.”

“அப்ப சரி.”

இயந்திரம் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. பக்கத்தில் கணவாய்க்குப் போகும் இன்னொரு மீனவன் றிஷாட்டின் படகும் புறப்பட்டது. அது வடக்கே திரும்பியது. அபூசாலியின் படகு தெற்கே போனது. ஸீனத் பாவாடை நனைய நின்று, அது சின்னதாகும்வரை பார்த்துவிட்டு, பாமசியைத் திறக்கப் போனாள்.

வட்டப்பாரின் தெற்குப் பக்கம் அந்தப் பருவத்தில் அபூசாலிக்குக் கிடைத்தது. கழகத்தின் அடுத்த துப்புரவு ஜனவரியில் நடந்தது, போட்டி வைக்கவில்லை. தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். ஆட்கள் குறைவாகத்தான் வந்தார்கள். அபூசாலி வந்திருந்தான். கிண்ணம் இப்போதும் அவன் படகில் இருக்கிறது. படகுக்குள் வரும் தண்ணீரை அதால்தான் இறைக்கிறார்கள்.